ஒற்றை நெகட்டிவ் போதாது

மொன்றியலில் வாழும், நாற்பத்தைந்து வயதைக் கடந்த தமிழ் உறவுகளுக்கு,



பார்க் எக்ஸ்ரென்ஷன், கோட்-தே-நேஜ், லசால், டொலார்-டே-ஓர்மோ என்று சிதறியிருக்கும் உங்களில் பலர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்கள். இந்த மடல் உங்களுக்குத்தான். உங்கள் பிள்ளைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. கியூபெக் பாடசாலைகளில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பிக்கான தடுப்பூசியை 1994 இல் போடத் தொடங்கினார்கள். 2013 இலிருந்து கைக்குழந்தைகளுக்கே போடுகிறார்கள். இலங்கையில் அந்த ஊசி தேசியத் திட்டத்துக்குள் வந்தது 2003 இல்தான். நாங்கள் அதற்கெல்லாம் முந்தின ஆட்கள். செங்கமாரி வந்து கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துத் தேறியவர்கள். ஒரே ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து அடுத்தவருக்கும் குத்திய காலத்துப் பிள்ளைகள். போரில் காயப்பட்டு, யாருடைய இரத்தம் என்று தெரியாமலே ஏற்றிக்கொண்டவர்களும் தமிழ்நாட்டு முகாம்களில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

ஹெபடைடிஸ் பி பற்றிக் கதை எடுத்தால் எங்கள் ஆட்களிடமிருந்து இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அதெல்லாம் இமிகிரேஷன் மெடிக்கலிலேயே பாத்திட்டாங்கள்." மற்றது, "நான் ரெஸ்ற் எடுத்தனான், நெகட்டிவ்."

முதலாவது பதில் பிழை. கனடாவின் குடிவரவு மருத்துவப் பரிசோதனையில் வழமையாகப் பார்ப்பது காசநோய், சிபிலிஸ், எச்ஐவி ஆகியவற்றை. ஹெபடைடிஸ் பி அந்த வழமையான பட்டியலில் இல்லை. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது பதில்தான் என்னை எழுத வைத்தது. இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த "நெகட்டிவ்" எப்படிப் பிறக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

உங்கள் கையில் எடுத்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு தெளிநீர் நிற்கும். இயந்திரம் அதில் ஒரு துளியை உறிஞ்சி, மிக நுண்ணிய காந்தத் துகள்களோடு கலக்கும். அந்தத் துகள்களின் மேல் பிறபொருளெதிரிகள் ஒட்டப்பட்டிருக்கும். ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைப் பிடிப்பது மட்டுமே அவற்றின் வேலை. புரதம் இருந்தால் பிடிபடும். மிச்சத்தைக் கழுவி ஊற்றியபின், ஒளி தரும் இரண்டாவது பிறபொருளெதிரியை விடுவார்கள். பிடிபட்ட புரதத்தின்மேல் அது ஏறி உட்காரும். பிறகு வரும் ஒளியை இயந்திரம் அளந்து ஓர் எண்ணைக் கொடுக்கும். வரம்பு பெரும்பாலும் 1. அதற்குக் கீழே என்றால் நெகட்டிவ். இதுதான் எச்பிஎஸ்ஏஜி பரிசோதனை. உங்கள் பிரெஞ்சு அறிக்கையில் எழுத்துகள் இடம்மாறி ஏஜிஎச்பிஎஸ் என்று இருக்கும்.

ஆகவே நெகட்டிவ் என்ற முடிவு சொல்வது இவ்வளவுதான்: இன்றைக்கு எடுத்த இந்தக் குழாயில், இந்தப் பிறபொருளெதிரிகள் பிடிக்கக்கூடிய வடிவத்தில், போதிய அளவு மேற்பரப்புப் புரதம் இல்லை. உங்கள் ஈரலுக்குள் அந்த வைரஸ் என்றைக்குமே கால் வைக்கவில்லை என்று அது சொல்லவே இல்லை.

அந்த வடிவம் மாறக்கூடியது. புளூம்பேர்க் என்ற அமெரிக்கர் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் கண்ட இந்தப் புரதத்தைப் பற்றி 1965 இல் அறிவித்தபோது, அது ஹெபடைடிஸ் பி வைரஸின் துண்டு என்று அவருக்கே தெரியாது. அந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1976 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புரதத்தின் வடிவம் மாறுவது இப்படித்தான்: இந்த வைரஸின் மரபுச் சங்கிலி மிகச் சின்னது, சுமார் 3,200 எழுத்துகள்தான். தன்னைப் பிரதி எடுக்கும்போது ஆர்என்ஏயிலிருந்து டிஎன்ஏயாகத் திருப்பி எழுதுகிறது. எழுதியதைத் திருத்திப் பார்க்கும் வசதி அதற்கு இல்லை. தொற்று மும்முரமாக இருக்கும் ஒருவரின் உடலில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடிக்கும் மேலான வைரஸ்கள் உருவாகின்றன. அத்தனை பிரதியிலும் எழுத்துப்பிழை விழாமல் இருக்குமா? பெரும்பாலான பிழைகள் வைரஸையே ஒன்றுக்கும் உதவாததாக்கிவிடும். சில பிழைகள் அதற்கு வாய்ப்பாகிவிடும்.

மேற்பரப்புப் புரதத்தில் 226 அமினோ அமிலங்கள் உண்டு. பரிசோதனையின் பிறபொருளெதிரிகளும், தடுப்பூசி எங்கள் உடலில் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளும் பெரும்பாலும் குறிவைப்பது 124 ஆவது இடத்துக்கும் 147 ஆவது இடத்துக்கும் இடைப்பட்ட சிறிய வளைவை. 1990 இல் லான்செட் மருத்துவ இதழில் இத்தாலியக் குழந்தை ஒன்றைப் பற்றிய கட்டுரை வந்தது. தாய்க்கு ஹெபடைடிஸ் பி. பிள்ளை பிறந்ததும் தடுப்பூசியும் போட்டு, தயார்நிலைப் பிறபொருளெதிரியான இம்யூனோகுளோபுலினும் கொடுத்திருந்தார்கள். அப்படியும் பிள்ளைக்குத் தொற்று வந்தது. தாயின் வைரஸில் 145 ஆவது இடத்தில் இருந்தது கிளைசின். பிள்ளையின் வைரஸில் அதே இடத்தில் ஆர்ஜினின். ஓர் எழுத்து மாறியதால் வந்த வித்தியாசம் அது. அந்த வளைவைப் பிடிப்பதற்கென்றே தயாரித்த ஒற்றைப் பிறபொருளெதிரி ஒன்று அந்தக் குழந்தையின் வைரஸைச் சரியாகப் பிடிக்கவில்லை.

இதற்குப் பிறகு பரிசோதனை தயாரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரேயொரு வகைப் பிறபொருளெதிரியை நம்பாமல், புரதத்தின் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் பலவற்றைக் கலந்தார்கள். இன்றைக்கு மொன்றியல் மருத்துவமனைகளில் ஓடும் இயந்திரங்களுக்கு 145 ஆவது இடத்து மாற்றம் பழகிய ஒன்று. ஆனபடியால் பயப்படவேண்டாம். மாறிய வைரஸ் நவீன பரிசோதனையில் தப்பிப் போவது அரிது. ஆனால் ஊருக்குப் போகும்போது யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ "முழு உடம்புச் செக்கப்" என்று எடுத்து வருகிறீர்களே, அதில் பல இடங்களில் விரலளவு அட்டையில் ஒரு துளி விட்டு, கோடு விழுகிறதா என்று பார்ப்பதோடு முடித்துவிடுவார்கள். புரதம் குறைவாக இருந்தாலோ வடிவம் மாறியிருந்தாலோ, அந்த அட்டை பெரிய இயந்திரத்தைவிடச் சுலபமாகத் தவறவிடும். இரண்டு அறிக்கையிலும் "நெகட்டிவ்" என்றே இருக்கும். இரண்டும் ஒரே எடை கொண்டவை அல்ல.

தடுப்பூசியின் மேல் சந்தேகம் கிளப்பவும் இதைச் சாட்டாக எடுக்கவேண்டாம். தாய்வான் 1984 இல் குழந்தைகளுக்கு ஊசி போடும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. தொற்றோடு இருந்த பிள்ளைகளுக்குள் மாறிய வைரஸைக் கொண்டவர்களின் பங்கு 1984 இல் சுமார் 8 வீதமாக இருந்து, பத்து வருடத்தில் ஏறத்தாழ 28 வீதமாகியது. அதைக் கேட்டுத் திடுக்கிடுபவர்கள் மற்றக் கணக்கையும் பார்க்கவேண்டும். முன்னர் பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு இருந்த தொற்று, 1999 அளவில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகிவிட்டது. மாறிய வைரஸின் பங்குதான் ஏறியது. தொற்றிய பிள்ளைகளின் தொகை சரிந்தது.

இனி எங்கள் நகரத்துக்கு வருவோம். லமிவுடின் என்ற மருந்து மொன்றியல் மண்ணில் பிறந்தது. பெர்னார் பெலோ என்ற வேதியியலாளரும் நே நுயென்-பாவும் பயோகெம் நிறுவனத்துக்காக உருவாக்கிய சேர்மம் அது. 1989 இல் மொன்றியலில் நடந்த உலக எயிட்ஸ் மாநாட்டில் அது அறிவிக்கப்பட்டது. கோட்-சென்ட்-கத்தரின் வீதியிலுள்ள யூத பொது மருத்துவமனையில் மார்க் வெயின்பேர்க் அதன் எச்ஐவி எதிர்ப்பு ஆற்றலை ஆராய்ந்தார். உங்களில் பலர் பிள்ளை பெற்ற அதே மருத்துவமனை. எச்ஐவிக்கு என்று வந்த அந்த மருந்து 1998 இலிருந்து ஹெபடைடிஸ் பிக்கும் கொடுக்கப்பட்டது. வாயால் விழுங்கும் முதல் மருந்து என்பதால் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் ஒரு வருடம் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவிலும், ஐந்து வருடம் எடுத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவிலும் வைரஸ் மாறி மருந்துக்கு அடங்க மறுத்தது.

இதற்கும் பரிசோதனைக்கும் என்ன தொடர்பு? காளமேகப் புலவரின் சிலேடை வெண்பாவில் ஒரே அடி பாம்புக்கும் பொருந்தும், எள்ளுக்கும் பொருந்தும். அதில் ஓர் எழுத்தை மாற்றினால் இரண்டு பொருளும் ஆடும். இந்த வைரஸும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிரதி எடுக்கும் நொதியத்துக்கான மரபணுவும் மேற்பரப்புப் புரதத்துக்கான மரபணுவும் ஒரே எழுத்துகளை வெவ்வேறாகப் பிரித்துப் படிப்பவை. லமிவுடின் தாக்குவது நொதியத்தை. அதிலிருந்து தப்ப நொதியத்தின் 204 ஆவது இடத்தை வைரஸ் மாற்றும்போது, மேற்பரப்புப் புரதத்தின் 195 ஆவது அல்லது 196 ஆவது இடமும் கூடவே மாறுகிறது. நொதியத்தில் மூன்று மாற்றங்கள் சேர்ந்து வந்த சில வைரஸ்களை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தபோது, பிறபொருளெதிரிகளின் பிடி கிட்டத்தட்ட அந்த இத்தாலியக் குழந்தையின் வைரஸில் போலவே தளர்ந்திருந்தது. மருந்து எடுத்த எல்லோருக்கும் பரிசோதனை பிழையாகும் என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் முந்தி லமிவுடின் எடுத்தவர்கள், புது வைத்தியரிடம் போகும்போது அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். இப்போது கொடுக்கும் தெனோபோவிர், என்ரெகாவிர் போன்றவற்றுக்கு வைரஸ் அவ்வளவு சுலபமாகப் பழகுவதில்லை. ஆனாலும் முந்தி லமிவுடினுக்கு அடங்காமல் போன வைரஸ் என்ரெகாவிருக்கும் விரைவில் பழகிவிடக்கூடும். பழைய மருந்தின் பெயரைச் சொல்லச் சொல்வது அதற்காகவும்தான்.

பரிசோதனையைக் குழப்பும் இன்னொரு மாற்றம், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைவிட நெருக்கமானது. மேற்பரப்புப் புரதம் பொசிட்டிவ் ஆனவர்களுக்கு அடுத்ததாக எச்பிஇஏஜி என்ற ஒன்றைப் பார்ப்பார்கள். அது பொசிட்டிவ் என்றால் வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறது என்றும், நெகட்டிவ் என்றால் அடங்கிக் கிடக்கிறது என்றும் பழைய பாடம். மரபுச் சங்கிலியின் 1896 ஆவது எழுத்தில் ஜி இருக்கவேண்டிய இடத்தில் ஏ வந்துவிட்டால், அந்த இ புரதத்தைச் செய்வதை வைரஸ் நிறுத்திவிடும், பெருகுவதை நிறுத்தாது. இந்தியத் துணைக்கண்டத்தில் பரவலாக உள்ள டி வகை வைரஸில் இந்த மாற்றம் சர்வசாதாரணம். "இ நெகட்டிவ், சும்மா கரியர்தான், ஒன்றுமில்லை" என்று எப்போதோ யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு இருபது வருடம் ஈரலைத் திரும்பிப் பாராமல் இருப்பவர்கள் எங்களுக்குள் உண்டு. அவர்கள் பார்க்கவேண்டியது இரத்தத்தில் எவ்வளவு வைரஸ் டிஎன்ஏ இருக்கிறது என்பதையும், ஏஎல்ரி என்ற ஈரல் நொதியத்தையும்.

கீழ்க்காய்நெல்லி பற்றியும் ஒரு வார்த்தை. அது வெறும் பாட்டி வைத்தியம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், மேலே சொன்ன அதே புளூம்பேர்க்கோடு சேர்ந்து செய்த ஆய்வு 1988 இல் லான்செட்டில் வந்தது. முப்பது நாள் அந்த மூலிகையை எடுத்த 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்புப் புரதம் நெகட்டிவ் ஆனது. வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படியானது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த ஆய்வின் முக்கிய அளவுகோல் இந்த ஒரு புரதம்தான் என்பதைக் கவனியுங்கள். இரத்தத்தில் வைரஸ் டிஎன்ஏயை நுணுக்கமாக எண்ணும் வசதி அப்போது இல்லை. ஆகவே நாட்டு மருந்து குடித்தபின் ஓர் அட்டையில் கோடு மறைந்ததை வைத்து "சுகமாகிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள்.

இத்தனை ஓட்டைகளையும் அடைக்க வழி இருக்கிறது, அது விலை கூடியதும் அல்ல. வைரஸின் உட்கருவில் வேறொரு புரதம் இருக்கிறது. உண்மையான வைரஸ் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், உடல் அந்தக் கருப்புரதத்துக்கு எதிராக அன்ரி-எச்பிசி என்ற பிறபொருளெதிரியை உண்டாக்கும். அது பெரும்பாலும் ஆயுள்முழுக்க நிற்கும். தடுப்பூசியில் கருப்புரதம் இல்லாததால், ஊசியால் அது வராது. வைரஸ் தன் மேற்பரப்பை எப்படி மாற்றினாலும் இந்தச் சாட்சியைக் கலைக்க முடியாது. எமா-கியூபெக் குருதி வங்கி, நீங்கள் கொடுக்கும் இரத்தத்தில் மேற்பரப்புப் புரதத்தோடு நிற்பதில்லை. அன்ரி-எச்பிசியையும் வைரஸ் டிஎன்ஏயையும் சேர்த்தே பார்க்கிறது. முகம் தெரியாத ஒருவருக்கு ஏற்றப்போகும் இரத்தத்துக்கு ஒற்றை நெகட்டிவ் போதாது என்றால், உங்கள் சொந்த ஈரலுக்கு மட்டும் எப்படிப் போதும்?

எனவே வைத்தியரிடம் கேட்கவேண்டியது மூன்று பரிசோதனைகள்: மேற்பரப்புப் புரதமான எச்பிஎஸ்ஏஜி, அன்ரி-எச்பிசி, தடுப்பு இருக்கிறதா என்று சொல்லும் அன்ரி-எச்பிஎஸ். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும்.

மூன்றும் நெகட்டிவ் என்றால் வைரஸையும் காணவில்லை, ஊசியின் தடுப்பையும் காணவில்லை. ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அன்ரி-எச்பிஎஸ் மட்டும் பொசிட்டிவ், அதுவும் 10க்கு மேல் என்றால் ஊசி வேலை செய்திருக்கிறது. அன்ரி-எச்பிசியும் அன்ரி-எச்பிஎஸ்ஸும் பொசிட்டிவ், மேற்பரப்புப் புரதம் நெகட்டிவ் என்றால் எப்போதோ வந்த தொற்றை உடல் அடக்கி வைத்திருக்கிறது. அன்ரி-எச்பிசி மட்டும் தனியே பொசிட்டிவ் என்றால் அங்கேதான் நின்று யோசிக்கவேண்டும். பழைய தொற்றின் மிச்சமாக இருக்கலாம், பரிசோதனையின் பிழையாக இருக்கலாம், ஒளிந்திருக்கும் தொற்றாகவோ வடிவம் மாறிய வைரஸாகவோ இருக்கலாம். வைரஸ் டிஎன்ஏ பரிசோதனை எழுதித் தரும்படி கேளுங்கள். மேற்பரப்புப் புரதம் பொசிட்டிவ் என்றால் டிஎன்ஏ, ஏஎல்ரி, ஈரல் ஸ்கான் என்று தொடர் கவனிப்பு வேண்டும். வீட்டிலுள்ள எல்லோரும் பரிசோதிக்கவேண்டும்.

"வந்து போன தொற்றை இப்போது கிளறி என்ன பயன்?" என்று கேட்பீர்கள். போனதாக நாங்கள் நினைக்கும் வைரஸ் ஈரல் உயிரணுக்களின் கருவுக்குள் ஒரு வளையமாகத் தங்கிவிடுகிறது. நோயெதிர்ப்பு ஆற்றல் காவலிருக்கும் வரை அது அசையாது. எங்கள் தலைமுறை இப்போது புற்றுநோய், மூட்டுவாதம், உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளின் வயதுக்கு வந்துவிட்டது. அந்தச் சிகிச்சைகளில் பல முதலில் தளர்த்துவது அந்தக் காவலைத்தான். ரிட்டுக்சிமாப் என்ற மருந்தால் ஹெபடைடிஸ் பி மீண்டும் கிளம்பி உயிராபத்து வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013 இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. மருந்து தொடங்கமுன் மேற்பரப்புப் புரதத்தோடு அன்ரி-எச்பிசியையும் பார்க்கவேண்டும் என்றும் சொன்னது. முன்கூட்டியே தெரிந்தால் வைரஸுக்கு எதிரான மாத்திரைகளால் பெரும்பாலும் தடுக்கலாம். தெரியாவிட்டால் புற்றுநோயிலிருந்து தப்பியவர் ஈரல் செயலிழந்து சாகலாம்.

ஒரு நடைமுறை விடயம். அமெரிக்காவில் 2023 இலிருந்து 18 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் ஆயுளில் ஒரு தடவையாவது இந்த மூன்றையும் பார்க்கவேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் காரணம் இருந்தால்தான் எழுதித் தருவார்கள். அந்தக் காரணத்தை நீங்களாகவே சொல்லவேண்டும். எங்கே பிறந்தீர்கள், எங்கே இரத்தம் ஏற்றினார்கள், குடும்பத்தில் யாருக்கு ஈரல் நோய் இருந்தது, எந்தெந்த நாட்டில் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்று. தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் செய்து 2005 இல் வெளியான ஆய்வொன்றில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் மேற்பரப்புப் புரதம் பொசிட்டிவ். இலங்கையில் அது குறைவுதான், ஆனால் எங்களில் எத்தனை பேர் இரண்டு கரையிலும் வாழ்ந்தவர்கள்! குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் 811 க்கு அழைத்து எங்கே போவது என்று கேளுங்கள். பிரெஞ்சு வராவிட்டால் மகளையோ மருமகனையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் முடிவைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

மறைப்பதுதான் எங்கள் பெரிய நோய். கூட இருந்து சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, ஒரு கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ ஹெபடைடிஸ் பி தொற்றாது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் பலருக்கு இது வந்தது தாயின் வயிற்றிலிருந்து பிறக்கும்போது, அல்லது சவரக்கத்தியால், அல்லது சரியாகக் கிருமி நீக்காத ஊசியால். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022 இல் 25 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தத் தொற்றோடு வாழ்ந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் அது தெரிந்திருந்தது. மாறிய வைரஸால் தவறவிடப்பட்டவர்கள் அந்த மிச்சத்தில் ஒரு சிறு துளி. பரிசோதிக்கவே போகாதவர்களும், ஒற்றைப் பரிசோதனையோடு வீட்டுக்கு வந்தவர்களும்தான் பெருந்தொகை. வைரஸ் எழுத்தை மாற்றுவதை எங்களால் தடுக்க முடியாது. மூன்று பரிசோதனையையும் கேட்டு வாங்குவது எங்கள் கையில் இருக்கிறது.

அடுத்த முறை பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகும்போது படிவத்தை ஒருதரம் பாருங்கள். அதில் அன்ரி-எச்பிசி குறிக்கப்படவில்லை என்றால், கை நீட்டுவதற்கு முன் வைத்தியரைக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
பார்க் எக்ஸ்ரென்ஷன், மொன்றியல்